கற்பிப்போன் கற்ற கணக்கு

ஆசிரியர் ஒருவர் மீண்டும் மாணவராகி வாங்கில் அமரும்போது முதலில் நோவது முதுகு; பிறகுதான் மூளை. வாரம் முழுதும் நின்று பேசிப் பழகிய உடம்பு, விடுமுறை நாளில் ஒரே இடத்தில் இருந்து பிறர் பேசக் கேட்பதற்கு எளிதில் இணங்குவதில்லை. ஆயினும் ஊவாத் தோட்டப் பகுதிகளில் பணிபுரியும் பட்டதாரி ஆசிரியர் பலர் அந்நோவை விரும்பி ஏற்றுக்கொள்கின்றனர். 1980இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலையை விடாமலே பயிலத்தக்க பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலும் நடத்துகிறது. எல்லவில் ரயிலேறி, தெமோதரை, உடுவரை, ஹாலிஎல கடந்து பதுளையில் இறங்கி நாமும் அவ்வாறே பயின்றோம்.

எதற்காக என்று நேயர்கள் கேட்கலாம். மறைப்பானேன்? பதவி உயர்வுக்கு அது வேண்டும். அந்த நோக்கத்தோடு போனவர்களுள் நாமும் ஒருவர். போன காரணம் ஒன்று, வந்த பயன் வேறொன்று என்பதே இவ்வாரம் நாம் சொல்லக் கருதுவது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், கல்வி நிறைவதற்கு ஒரு பங்கீடு கூறியுள்ளார். ஆசான் சொன்னதைச் செவ்வையாகக் கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கு, தான் மாணாக்கர்க்கு விரித்துரைக்கும்போதே கைகூடும். பாயிரத்தில் உள்ள இச்செய்தி நாம் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்ததுதான். அதன் பொருள் நமக்கு விளங்கியதோ பதுளையில், பாடம் ஒன்றுக்கு ஒப்படை எழுதவேண்டி வந்தபோதாகும்.

'செயல்நிலை ஆய்வு' என்பது அப்பாடம். ஆசிரியர் தம் வகுப்பிலே ஓர் இடரைக் கண்டு, அதைத் தீர்க்க முயன்று, நிகழ்ந்ததை எழுதவேண்டும். இப்பெயரை வழங்கச் செய்தவர் கேட் லெவின் என்னும் உளவியலறிஞர். 1946இல் அவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரை சிறுபான்மையினரின் இடர்களைக் குறித்தது என்பதை மலையகத்து ஆசிரியர் ஒருவர் கவனியாமல் இருக்க முடியுமா?

அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றுள் ஒன்று நம்மை உறங்கவிடவில்லை. பிரேசில் நாட்டு ரெசீபே நகரத்துத் தெருக்களிலே தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைத் தெரெசின்யா காராஹர், டேவிட் காராஹர், அனாலூசியா ஷ்லீமன் என்னும் மூவர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரை அது. வாங்குவோர்போல் நின்று விலை கேட்டபோது பிள்ளைகள் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98.2 சரி. அதே வகைக் கணக்குகளை வசனமாகக் கொடுத்தபோது 73.7. வெறும் எண்களாகக் கொடுத்தபோதோ 36.8. தேங்காய் ஒன்று 35 குருசெய்ரோ. நான்குக்கு என்ன விலை என்று கேட்டதும், மூன்றுக்கு 105 என்று தொடங்கி 140 என முடித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை, 35ஐ 4ஆல் பெருக்குக என்றபோது 200 என்று எழுதியதாம்!

ரெசீபேக்கும் எல்லவுக்கும் இடையே கடல்கள் உண்டு. ஆனால் அந்த 200ஐ நாம் எங்கோ கண்டிருக்கிறோம்.

எம் வகுப்பில், 4ஆம் தரத்தில், ஒரு சிறுமி. 23இலிருந்து 18ஐக் கழிக்கச் சொன்னால் 15 என்று எழுதுவாள். மூன்றிலிருந்து எட்டுப் போகாது. ஆகவே எட்டிலிருந்து மூன்றைப் போக்கிவிடுவாள். உலகெங்கும் பிள்ளைகள் செய்வது இது. அன்று அவளிடம் வேறு விதமாகக் கேட்டோம். "பேருக்கு 18 கிலோ. அம்மா 23 கிலோ எடுத்தால் மேலதிகம் எத்தனை?" கண் இமைக்குமுன் "அஞ்சு" என்றாள். எப்படி என்று கேட்டோம். "பதினெட்டுக்கு மேல ரெண்டு இருபது, அப்புறம் மூணு." கிலோவுக்கு 40 ரூபாய் என்றால்? "இருநூறு." கூடைக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ கழித்துவிட்டால்? "நூத்தியறுபது," என்று சொல்லிச் சற்று முகம் சுளித்தாள். அக்கழிவு அவளுக்கு வீட்டுச் செய்தியன்றோ! பேர் விழுமா, அரைப்பேராகுமா என்று மாலையில் லயத்து வாசலில் நிகழும் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, கழித்தல் என்பது கரும்பலகையில் பிறந்த ஒன்றன்று.

இதையே கருவாகக் கொண்டு மூன்று வாரம் பாடம் நடத்தினோம். நிறுவையில் தொடங்கினோம். பிள்ளைகள் வாயால் ஏறிய படிகளை, 18, 20, 23 என்று கோட்டின்மேல் குறித்தோம். அதன் பின்னரே ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் முறைக்குச் சென்றோம். பிள்ளை தனித்துச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் இடையே உள்ள வெளியிலேதான் கற்பித்தல் நிகழவேண்டும் என்றார், 37 வயதிலே 1934இல் மறைந்த ருஷ்ய அறிஞர் வைகோட்ஸ்கி. பரீட்சைக்கென்று மனனம் செய்த அவ்வாசகத்துக்கு இந்தக் கோடுதான் எமக்கு உரையாயிற்று.

ஒப்படையை இங்கே முடித்திருந்தால் புள்ளிகள் கிடைத்திருக்கும், கல்வி கிடைத்திராது. பெற்றோர் கூட்டத்தன்று அச்சிறுமியின் தாய், கொழுந்தெடுத்துக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்பிலே மறைத்தபடி, எம்மிடம் வந்து கேட்டார்: "எம்புள்ள கொழுந்தெடுக்கவா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வருது? எங்க கணக்கு எங்களோட போகட்டும். நீங்க புஸ்தகக் கணக்கச் சொல்லிக் குடுங்க."

பல்கலைக்கழகத்தார் தந்த எந்தப் பாடநூலிலும் இக்கேள்வி இல்லை. ஆனால் இதன் வேர் ஆழமானது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. ஆறு முதல் பத்து வயது வரையே அதன் எல்லை. பத்துக்கு மேல் மலைக்குப் போகவேண்டியதுதான். தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசின் கைக்கு வந்தபின்பும், ஒற்றை அறையும் ஐந்தாம் வகுப்பும் பல இடங்களில் நெடுங்காலம் நீடித்தன. தன் பாட்டிக்கும் தாய்க்கும் பள்ளிக்கூடம் எங்கே போய் முடிந்தது என்பதை அறிந்த ஒருத்தி, மகளின் கொப்பியிலும் கொழுந்துக் கூடையைக் கண்டால் அஞ்சாது என் செய்வாள்?

உள்ளதிலிருந்து தொடங்குக என்கிறது கல்விக் கோட்பாடு. உள்ளதிலேயே நிறுத்திவிடாதே என்கிறார் தாய். இரண்டும் பொருந்தும் இடத்தை எமக்குக் காட்டியவர்கள் உடன் பயின்றோரே. பவணந்தியாரின் இரண்டாம் கால் பங்கு அது. அப்புத்தளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர், "முதல் வாரம் மட்டும் கொழுந்து, இரண்டாம் வாரம் கடைத்தெரு, மூன்றாம் வாரம் ரயில்," என்றார். தாய்க்கும் அதையே கூறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை மகளிடம் பழைய பஸ் டிக்கட்டுகளைக் கட்டாகக் கொடுத்தனுப்பியிருந்தார்.

இவ்வாண்டு ரயில் பாடம் நடக்கிறது. எல்லவில் 9.50க்குப் புறப்பட்ட வண்டி பதுளையை 10.45க்கு அடைந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதிப் போட்டோம். பாதி வகுப்பு 95 என்று விடை கண்டது. மணிக்கு நூறு நிமிடம் கொடுத்துவிட்டார்கள்! பின்வரிசையில் ஒரு பையன் மட்டும் பென்சிலைத் தொடாமல், பத்து மணிக்குப் பத்து நிமிடம், அப்புறம் நாற்பத்தைந்து என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தான். அவனைக் கரும்பலகைக்கு அழைத்தோம்.