சிறையில் பிறந்த எழுத்தும் நம் பிள்ளைகளின் கல்வியும்



திருப்பலியில் நாம் கேட்கும் இரண்டாம் வாசகம் சில நாள்களில் சிறையிலிருந்து எழுதப்பட்ட கடிதம் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பிலமோனுக்கு மடல் எழுதியபோது புனித பவுல் ஒரு கைதி. ஆனால் அவர் அந்த மடலை எழுதியது தமக்காக அல்ல, ஒனேசிம் என்ற அடிமைக்காகப் பரிந்து பேசவே.

பழவேற்காட்டு மக்களாகிய நமக்கு இம்மடல் மிகவும் நெருக்கமானது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வாணிபம் செய்தார்கள். துணி மூட்டைகளோடு, ஆயிரக்கணக்கான மனிதர்களும் இக்கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். டச்சுக்காரரின் கல்லறைகளில் அவர்கள் பெயர்களை இன்றும் படிக்கலாம். அடிமைகளாய்ப் போனவர்களுக்கோ கல்லும் இல்லை, கடிதமும் இல்லை.

எழுத முடியாதவருக்காக எழுதிய ஒருவர் நம் காலத்திலும் வாழ்ந்தார். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைதானார். அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் குவளையைக்கூடப் பிடிக்க முடியாத நிலை. ஆயினும் தலோஜா சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் தம் நோயைவிட உடனிருந்த ஏழைக் கைதிகளைப் பற்றியே கவலைப்பட்டார். தங்கள் மீது என்ன குற்றச்சாட்டு என்றே அறியாமல், சட்ட உதவியும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அவர்கள் அடைபட்டிருப்பதை எழுதினார். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று இறந்தார்.

அவர் சொன்னது மிகையல்ல. 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என அரசின் புள்ளிவிவரமே கூறுகிறது.

கலைக் கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். கடன் வாங்கி வலையும் படகும் வாங்கும் குடும்பங்களில் அது நியாயமான கேள்வியே. ஆனால் நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுபவரும் நம் ஊரில்தான் இருக்கிறார். சிறைக் கடிதங்களை வாசிக்கும் பிள்ளை, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு என்பதை அறிகிறது. காவலில் இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது என்பதையும் தேடிக் கற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பிகளுக்குப் பின்னால் இருப்பவரும் மனிதரே என்று உணர்கிறது. இதைக் கற்றுத்தராத படிப்பு சம்பளம் தரலாம். நெஞ்சில் ஈரத்தைத் தராது.

சிறையில் இருந்தபோது என்னைத் தேடி வந்தீர்களா என்றுதான் ஆண்டவர் இறுதி நாளில் கேட்பார் (மத்தேயு 25). எல்லோராலும் புழல் சிறைவரை போக முடியாது, வாசிக்க முடியும். இம்மாத அன்பியக் கூட்டத்தில் பிலமோன் மடலையும் ஸ்டேன் சுவாமியின் கடிதம் ஒன்றையும் சேர்த்து வாசிப்போம். வாசிப்பவர்கள் நம் இளையோராக இருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்!