பிக்கப்புக்கு இன்னொரு தகடு வேண்டாம்

இடம்பெயர்ந்து பிற ஊரில் கமம் செய்வோருக்கும், 2009க்குப் பின்னர் மீளக்குடியமர்ந்தோருக்கும் பிக்கப் வாகனம் பல வேலைகளைச் செய்கின்றது. காலையில் கத்தரியும் தக்காளியும் சந்தைக்குப் போகின்றன. மாலையில் உரமும் விதைநெல்லும் வருகின்றன. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கு வந்துவிட்டது. ஆயினும் அது வரும்வரை பொறுக்க முடியாத வேளையில், பிரசவ வலி கண்ட தாயை ஏற்றிச் செல்வதும் இதே வாகனந்தான். ஏ-9 வீதி காப்பெற் வீதியாகிவிட்டது. உள்ளே திரும்பினால் கிரவல் வீதியும் குளக்கட்டும் மாரியில் விழுந்த கிடங்குகளுமே காத்திருக்கின்றன.

இத்தகைய வாகனத்தை வாங்கியதும், "கூட ஏற்றலாம்" என்று பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகத் தகடு போடுவிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. இவ்வழக்கம் கைவிடப்படல் வேண்டும் என்பதே எமது கருத்து.

ஒரு தொன் ஏற்றும் பிக்கப்பின் பின் ஸ்பிரிங், முழுச் சுமைக்கென்றே செய்யப்பட்டது. அதனாற்றான் வெறுமையாகப் போகும்போது தூக்கிப் போடுகின்றது. ஒரே அளவான ஐந்து தகடுகளோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடும். தகட்டின் தடிப்பு இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் அச்சும் பெயாரிங்கும் ரயரும் பிரேக்கும் பழையனவே. சில பிக்கப்புகளில், பின்பக்கம் எவ்வளவு பதிகின்றது என்பதைக் கொண்டே பின் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. தகடு கூடினால் வாகனம் பதியாது. சுமை இல்லையென்று கருதி வால்வு பிரேக்கைக் குறைத்துவிடும்.

"இரண்டு முறை ஓடினால் டீசலுக்கு யார் காசு தருவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெட்டியின் அடியில் நசிந்த தக்காளியை வியாபாரி கழித்து ஒதுக்கும்போது அந்த நட்டமும் உங்களுடையதே. பாரம் கூடிய நாளில் அயலவரோடு இன்னொரு வாகனத்தைப் பங்கிட்டுப் பிடிப்பதே மேல்.

குலுக்கத்தைக் குறைக்கச் செலவு குறைந்த வழிகள் உள்ளன. முதலில் ரயர்க் காற்றைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது ஆகக்கூடிய அளவு. பாவிக்க வேண்டிய அளவு சாரதியின் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குக் குறைத்தலும் ஆகாது. ரயர் சூடேறி வெடிக்கும். அடுத்து, தகடுகளுக்கிடையே கறள் பிடித்திருந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. கழற்றிச் சுத்தம் செய்விக்க வேண்டும். தேய்ந்த புஷ்களை மாற்ற வேண்டும். வாகனத்தின் ஒரு மூலையை அமத்தி விட்டுப் பாருங்கள். எழுந்து உடனே அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தால், அல்லது எண்ணெய் கசிந்திருந்தால், சொக் அப்சோபர் பழுது. மாற்றுவதாயின் இரு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

முன்னரே தகடு சேர்த்தவர்கள் கராச்சில் கழற்றுவித்து, வாகனத்தோடு வந்த எண்ணிக்கைக்கே திரும்பலாம். புதிய யூ போல்ட் போடுவித்து, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்குவியுங்கள். அடியிலுள்ள தடித்த தகட்டைக் கழற்ற வேண்டாம். பாரம் கூடும்போது தாங்குவதற்கே அது இருக்கின்றது.

நோயாளியைப் பின்னால் கிடத்த நேர்ந்தால் மெத்தை விரித்து, சாரதி அறையை ஒட்டிக் கிடத்துங்கள். பின் அச்சுக்கு அப்பாலுள்ள இடமே அதிகம் தூக்கிப் போடும்.

சங்கங்களின் பொது வாகனங்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். அடுத்த கூட்டத்திலேயே ஏற்றக்கூடிய பாரத்தின் எல்லையைத் தீர்மானித்து, அதை வாகனத்தின் கதவில் எழுதிவிடுங்கள். வாடகை வருமானத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென ஒதுக்குங்கள். நல்ல சமாரியன் காயப்பட்டவனைத் தன் மிருகத்தில் ஏற்றிச் சென்றான். எமது மக்களை ஏற்றிச் செல்லும் வாகனமும் அவர்களின் நோவைக் கூட்டாதிருக்கட்டும்.