பூனைக்கு உண்டு, பாசிக்கு இல்லையா?

போன வருசம் கும்பப்பூ அறுப்புக்கு முந்தி பழைய வைக்கோல் படப்பைப் பிரிச்சோம். உள்ளே ரெண்டு குட்டி. வீட்டுப்பூனைக் குட்டின்னுதான் நினைச்சேன். தள்ளைப்பூனை வந்தபிறகுதான் விளங்கியது: மேலெல்லாம் துரு விழுந்த மாதிரி புள்ளி, ஒன்றரைக் கிலோகூட இருக்காது. துருப்புள்ளிப் பூனை. உலகத்துக் காட்டுப்பூனைகளில் ஆகச் சிறியவற்றில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. படப்பை அப்படியே மூடிப்போட்டோம். மூணாம் நாள் தள்ளை குட்டிகளைத் தூக்கிட்டுப் போயிட்டு.

சென்னையில் இருக்கிற அக்கா மகன் அந்தப் படத்தை ஊரெல்லாம் அனுப்பி, "இதைக் காப்பாத்தணும் மாமா"ன்னான். சந்தோசம். மறுவாரம் எங்க பொத்தைப் பாறையில் படர்ந்த பாசியைப் படமெடுத்து அனுப்பினேன். "வழுக்கிராம நடங்க மாமா"ங்கான்.

அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது குளத்துப் பாசி இல்லை. பாறையிலும் மரத்திலும் மெத்தை மாதிரி ஒட்டிக் கிடப்பது. வேர் கிடையாது, இலையாலேயே தண்ணி குடிக்கும். தன் எடையைவிடப் பல மடங்கு மழையைப் பிடித்து வைத்துப் பையப் பைய விடும். பேச்சிப்பாறை அணை வந்தது 1906ல். அதுக்கு எத்தனையோ காலம் முந்தியே முத்துக்குழிவயல் சோலையும் இந்தப் பாசியும் தண்ணியைத் தேக்கிட்டுத்தான் இருந்தன. அந்தத் தண்ணியில்தான் நாங்க கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைக்கோம்.

சட்டத்தைப் பாருங்கள். 1972 வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தப் பூனை முதல் அட்டவணையில், புலியோடு ஒரே வரிசையில் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். அதே சட்டம் 2022 திருத்தம் வரைக்கும் காத்த செடிகள் மொத்தமே 6. அதில் பாசி ஒண்ணுகூட இல்லை. ஐரோப்பாவில் 2019ல் பாசியினங்களை உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒன்று அழிவின் விளிம்பில். எங்க பொத்தையில் எத்தனை இனம், எது கடைசி என்று ஒரு ஆளும் வந்து குனிந்து பார்த்ததில்லை.

குவாரியில் வெடி வைத்தால் பூனை ஓடிரும், அதுக்குக் காலுண்டு. பாசி பாறையோடு சேர்ந்து டாரஸ் லாரியில் ஏறிப் போகுது. லாரி போற ரோட்டுப் பள்ளத்துக்கு மனு கொடுக்க ஆளிருக்கு.

உங்க பால்கனி மணிபிளாண்டுக்கு ஒரு குச்சி நட்டிருப்பீர்களே, அதில் சுத்தியிருக்கிற காய்ந்த பாசி எந்த மலையில் உரிச்சதுன்னு கடையில் கேட்டதுண்டா? தென்னைநார் சுத்தின குச்சியிலும் அந்தக் கொடி நல்லாவே ஏறும். எங்கூர்ல நாருக்குப் பஞ்சமில்லை, வேணும்னா சொல்லுங்க.