மானாமதுரையில் ஒரு பிக் பாய்

வடபழனியில் முருகன் கோயிலுக்கு அருகே, ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், நண்பர் ஒருவர் தம் வீட்டின் பத்துக்குப் பத்து அறையை ரயில்வேயாக மாற்றி வருகிறார். எட்டடிக்கு நாலடிப் பலகை. அதன்மேல் தண்டவாளம், ஓட்டுக் கூரையிட்ட நிலையம், பனைகள், கருவேலம் புதர்கள். மஞ்சள் பலகையில் ‘மானாமதுரை சந்திப்பு’. வேலைப்பாட்டைக் குறைசொல்ல நமக்கு நாவெழவில்லை. ஆனால் சென்ற மாதம் அந்நிலையத்தில் வந்து நின்ற நீராவி எஞ்சினைப் பற்றி வாய்திறவாமல் இருக்கவும் இயலவில்லை. அது அமெரிக்காவின் ‘பிக் பாய்’.

யூனியன் பசிபிக் ரயில்வேக்காக அல்கோ நிறுவனம் 1941இலும் 1944இலும் கட்டிய 25 எஞ்சின்களின் இனம் அது. வயோமிங், யூட்டா மாநிலங்களின் மலைப்பாதைகளில் சரக்கு இழுப்பதற்கென்றே பிறந்தது. டெண்டரோடு சேர்த்து நாற்பது மீட்டருக்கு மேல் நீளம். எட்டு எஞ்சின்கள் இன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் 4014ஆம் எண்ணுடையது 2019இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஓடியது. அதன் பெருமையில் நமக்கு ஐயமில்லை. மானாமதுரையில் அதற்கு என்ன வேலை என்பதே நம் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1:87 அளவில் அந்த எஞ்சின் நாற்பத்தாறு சென்டிமீட்டர் நீளம். நாலடிப் பலகையில் போடக்கூடிய வளைவின் ஆரம் அதிகம் போனால் 22 அங்குலம். அதை 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 49 மீட்டர். நாற்பது மீட்டர் எஞ்சின் ஐம்பது மீட்டர்கூட ஆரமில்லாத வட்டத்தில் திரும்ப வேண்டும்! அசல் எஞ்சினில் முன் சக்கரத் தொகுதி மட்டுமே திரும்பும். பின்தொகுதி சட்டத்தோடு இறுகியது. மாதிரிகள் பலவற்றில் இரண்டையும் திரும்பவிட்டுச் சமாளிக்கிறார்கள். அப்படியும் கொதிகலனின் மூக்கு பாதையை விட்டு வெளியே நீள்கிறது. நண்பரின் சிக்னல் கம்பங்கள் இரண்டு ஏற்கெனவே வீழ்ந்துவிட்டன.

“விளையாட்டுதானே, இதற்கு ஏன் இத்தனை கண்டிப்பு?” என்கிறார் நண்பர். தமிழ் படித்தவர் என்பதால் நம் ஆயுதத்தையே நம்மீது திருப்பவும் செய்கிறார்: திணை மயக்கத்தைத் தொல்காப்பியரே ஏற்றிருக்கிறாரே! ஏற்றார், மறுக்கவில்லை. ஆனால் நிலம் நிலத்தோடு மயங்குவதற்கு அவர் இடங்கொடுக்கவில்லை என்பதை நண்பர் வசதியாக மறந்துவிட்டார். நிலமும் பொழுதும் முதற்பொருள். எஞ்சின் அந்த நிலத்தில் உலவும் கருப்பொருள். வயோமிங்கை அமைத்து அதில் பிக் பாயை ஓட்டுபவரை நாம் கைகூப்பி வணங்குவோம். கருவேலங்காட்டில் அதை ஓட்டுபவர் இரண்டு நிலங்களையுமே கெடுக்கிறார். தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்க் கதைகள் சிலவற்றில் மக்கோந்தோவின் மழை ராமநாதபுரத்தில் பெய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நோய் அதுவே.

சரி, மானாமதுரைக்குப் பொருந்தும் எஞ்சின் எது? இங்கே அகலங்களைப் பற்றி ஒரு சொல். 1:87 அளவில் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது 1435 மில்லிமீட்டர் அகல அயல்நாட்டுப் பாதையின் சிறுவடிவம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதற்குப் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் தேவை. மீட்டர்கேஜுக்கோ பதினொன்றரை போதும். சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களுக்கென்று 12 மில்லிமீட்டர் பாதையும் எஞ்சின்களும் பெமோ போன்ற நிறுவனங்களால் செய்யப்படுகின்றன. ஆக, ஆயத்தமாகக் கிடைக்கும் தண்டவாளத்தில் ஏறத்தாழப் பிசகின்றி ஓடக்கூடியது நம் மீட்டர்கேஜ் எஞ்சினே. மானாமதுரையோ 2007இல் ராமேசுவரம் பாதை அகலமாக்கப்படும்வரை மீட்டர்கேஜோடு வாழ்ந்த ஊர்.

எனவே நம் பரிந்துரை ஒய்.பி. வகை. 1970 வரை கட்டப்பட்டு, தென்னகத்து மீட்டர்கேஜ் பாதைகளில் விரைவு வண்டிகளை இழுத்த எஞ்சின். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே ஆறு பெருஞ்சக்கரங்கள், பின்னே இரண்டு. டெண்டரோடு சுமார் பத்தொன்பது மீட்டர். மாதிரியில் இருபத்திரண்டு சென்டிமீட்டர். நண்பரின் வளைவில் சிக்னல் கம்பம் எதையும் சாய்க்காமல் திரும்பும். ஐந்தாறு பெட்டிகளைக் கோத்தாலும் நடைமேடைக்குள் அடங்கும். பெரிய எஞ்சின் வேண்டும் என்பவருக்கு அந்தப் பாதையில் இதுவே பெரிய எஞ்சின். அருகில் நிற்பவற்றை வைத்தே பெருமை அளக்கப்படுகிறது.

“கடையில் கிடைக்கவில்லையே” என்பது அடுத்த சமாதானம். மெய்தான், அயல்நாட்டு நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில் நம் எஞ்சின்களைக் காண்பது அரிது. கேட்பவர் இல்லாததைச் செய்பவர் யார்? 1855இல் செய்யப்பட்ட ஈ.ஐ.ஆர்.21 எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010இல் மீட்டு ஓடவைத்தது. நீலகிரி மலைப்பாதைக்கு எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2010களில் புதிதாகவே கட்டித் தந்தது. உண்மை எஞ்சினை இந்த நூற்றாண்டில் கட்டிய நாட்டில் ஒரு சாண் நீள மாதிரியைக் கட்ட ஆளில்லை என்பதை எப்படி நம்புவது? வடபழனியோ ஏவி.எம்., விஜயா வாகினி என்று ஸ்டூடியோக்களைச் சுற்றி வளர்ந்த ஊர். அட்டையிலும் பிளாஸ்டர் ஆப் பாரிஸிலும் அரண்மனைகளை எழுப்பிய கைகள் இத்தெருக்களில் வாழ்ந்தன. ஒரு சுவிஸ் எஞ்சினின் சக்கரத் தொகுதியை வாங்கி, மேலுடலைப் பித்தளைத் தகட்டில் வெட்டியோ முப்பரிமாண அச்சில் வார்த்தோ ஏற்றலாம். பிக் பாய்க்குக் கொடுத்த விலையையும் அதற்காகக் காத்திருந்த மாதங்களையும் இதற்குச் செலவிட்டிருந்தால் போதும்.

இத்தனையும் பொழுதுபோக்கைப் பற்றிய வழக்கு என்றால் நாம் எழுதியிருக்க மாட்டோம். நண்பரின் தந்தையார் மானாமதுரைப் பாதையில் ஃபயர்மேனாக இருந்தவர். ஒய்.பி.யின் தீப்பெட்டிக்கு மண்வெட்டியால் கரி அள்ளிப் போட்டவர்; தோள் இன்னும் ஒருபக்கம் தாழ்ந்தே இருக்கிறது. புது எஞ்சினைக் காட்ட நண்பர் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தபோது நாமும் அங்கிருந்தோம். நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

“இவ்வளவு பெரிய வயித்துக்கு யாருப்பா கரி அள்ளிப் போடுறது?”

“அதுக்கு மெஷின் உண்டுப்பா. திருகிக்கிட்டே உள்ள தள்ளிரும்.”

“அப்ப இது நம்ம வண்டி இல்ல” என்று சொல்லிவிட்டு, நிலையத்துப் பெயர்ப்பலகையை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தம் அறைக்குப் போய்விட்டார்.

முதலில் நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்துப் பொழுதை, பிறகு பாதையின் அகலத்தை, வளைவை. எஞ்சின் கடைசியில் தானே வந்து சேரும். நண்பரிடமும் இதைச் சொன்னோம். பிக் பாயை விற்றுவிடுவதா என்று யோசித்து வருகிறார். யோசிக்கட்டும், ஆனால் தந்தையாருக்கு வயது எண்பத்தாறு என்பதையும் சேர்த்தே யோசிக்கட்டும்.