அவசர அதிகாரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில், 1897-ம் வருஷம் பிப்ரவரி மாதம், அன்னிய சர்க்கார் தொத்து வியாதிச் சட்டத்தைப் பிறப்பித்தது. நாலே பிரிவுகள் கொண்ட சட்டம் அது. வியாதியைத் தடுக்க எந்த உத்தரவும் போடலாம், மீறியவனைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் காரியம் செய்த உத்தியோகஸ்தர் மீது வழக்குத் தொடர முடியாது. நோயாளிக்கு ஒரு கட்டில் கொடுக்க வேண்டியது யார் கடமை என்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனையிட்டதும், பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டதும், லோகமான்ய திலகர் ராஜத்துரோகக் குற்றத்துக்காக 18 மாதம் சிறைத்தண்டனை பெற்றதும் அந்த வருஷத்துச் சரித்திரம். சுயராஜ்யம் வந்து 70 வருஷங்களுக்கு மேல் கழிந்து, 2020-ல் கொரோனா வந்தபோது நமது சர்க்கார்கள் கையில் எடுத்ததும் இதே சட்டந்தான்! 2005-ம் வருஷத்திய பேரிடர் நிர்வாகச் சட்டம் அதற்குத் துணை நின்றது.

2020 மார்ச் 23-ந் தேதி பார்லிமெண்டு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இரவு, நாலு மணி நேர அவகாசத்தில், தேசம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டது. கொள்ளைநோய் வாசலில் நிற்கும்போது மந்திரிகள் விவாதத்துக்குக் காத்திருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவசரத்தில் உத்தரவு போடட்டும். ஆனால் போட்ட உத்தரவுக்கு ஜனப் பிரதிநிதிகளிடம் எப்போது வந்து சம்மதம் கேட்பது?

யுத்தம் மூண்டு ஜனாதிபதி நெருக்கடிநிலையைப் பிரகடனம் செய்தால், ஒரு மாதத்துக்குள் இரு சபைகளும் அதை அங்கீகரிக்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் அங்கீகாரம் பெற வேண்டும். அரசியல் சட்டத்தின் ஏற்பாடு இது. பேரிடர்ச் சட்டத்தின் கீழ்ப் போட்ட உத்தரவுகளோ, சபையின் வோட்டு ஒன்றுகூட இல்லாமலே 2022 மார்ச் முடிய நீடித்தன. 2020 செப்டம்பரில் சபை கூடியபோது கேள்வி நேரம் ரத்துச் செய்யப்பட்டது. அவ்வருஷத்துக் குளிர்காலக் கூட்டம் நடைபெறவே இல்லை. அதே சமயத்தில் தேர்தல் கூட்டங்கள் மட்டும் தடையின்றி நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குப் பிராணவாயு விஷயம் ஒன்றே போதும். பார்லிமெண்டின் சுகாதார நிலைக் கமிட்டி 2020 நவம்பரில் தன் அறிக்கையை ராஜ்யசபைத் தலைவரிடம் கொடுத்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டில்கள் போதவில்லை, பிராணவாயு உற்பத்தியைப் பெருக்கி ஆஸ்பத்திரிகளுக்குத் தட்டின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. சபை கூடியிருந்தால் யாராவது ஓர் அங்கத்தினர் எழுந்து, "எத்தனை யந்திரங்கள் வைத்தீர்கள்?" என்று கேட்டிருப்பார். கேட்க ஆளில்லை. 2021 ஏப்ரல் நடுவில், மஞ்சூரான 162 பிராணவாயு யந்திரங்களில் 33 மட்டுமே அமைக்கப்பட்டிருந்ததாகச் சுகாதார இலாகாவே தெரிவித்தது. அந்த வாரங்களில் டில்லி ஆஸ்பத்திரி வாசல்களில் ஜனங்கள் மூச்சுக்குத் தவித்து மாண்டார்கள். பிறகு ஜூலையில் ராஜ்யசபையில் கேட்டபோது கிடைத்த பதில் விசித்திரமானது: பிராணவாயு இன்மையால் இறந்ததாக ராஜ்ய சர்க்கார்கள் குறிப்பிட்டுத் தகவல் அனுப்பவில்லையாம்! மத்திய சர்க்கார் ராஜ்யங்களைக் காட்டுகிறது. ராஜ்யங்கள் மத்திய சர்க்காரைக் காட்டுகின்றன. ஆகையால் இந்தக் குறை பார்லிமெண்டுக்கு மட்டும் உரியதல்ல, ராஜ்யச் சட்டசபைகளுக்கும் உரியது.

பழைய சட்டம் போதாது, திருத்த வேண்டும் அல்லது புதிதாகச் செய்ய வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2024 பிப்ரவரியில் சிபாரிசு செய்தது. எப்படிச் செய்தாலும் சரி, அதில் இரண்டு ஷரத்துக்கள் இருந்தே தீர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சபை அங்கீகரியாத உத்தரவு முப்பது நாளில் தானே காலாவதியாக வேண்டும். பிரிட்டிஷ் பார்லிமெண்டுகூடத் தன் 2020-ம் வருஷத்துக் கொரோனாச் சட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு வோட்டு வைத்துக்கொண்டது. அதுவே போதாதென்று அங்கே கூச்சல் கிளம்பியது. இரண்டாவது, கட்டில், பிராணவாயு, நர்ஸ் ஆகியவற்றின் கணக்கு, ஜில்லா வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சபையின் மேஜைமீது வைக்கப்பட வேண்டும்; நோயில்லாத காலத்திலும் வைக்கப்பட வேண்டும்.

சட்டம் வரும் வரையில் அங்கத்தினர்கள் காத்திருக்கத் தேவையில்லை. தத்தம் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் சென்று, 2021-ல் அவசரமாக வைத்த பிராணவாயு யந்திரம் இன்று ஓடுகிறதா, அதை ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறானா என்று பார்த்து வந்து சபையில் கேட்கலாம்.