தக்காளி இலையைத் திருப்பிப் பாருங்கள்

இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய பிறகு என் புலனத்துக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் தக்காளிச் செடிதான். படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே கேள்வி: "என்ன மருந்து அடிக்கலாம்?" இது எந்தப் பூச்சி என்று கேட்பவர்கள் குறைவு. நானோ முதலில் இலையைத் திருப்பி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். தக்காளியைக் கெடுக்கும் பூச்சிகளில் பல, இலைக்கு அடியில்தான் குடியிருக்கின்றன.

சென்ற மாதம் கிள்ளானிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். அவருடைய அம்மா எழுபதைக் கடந்தவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் அவருக்கென்று மிஞ்சிய மண், பால்கனியில் இருக்கும் ஏழு தொட்டிகள். அத்தனையிலும் செர்ரித் தக்காளி. செடியை லேசாகத் தட்டினாலே வெள்ளைப் பொடி போல ஏதோ பறக்கிறது என்று அம்மா கவலைப்பட, மகன் வீட்டிலிருந்த கொசு மருந்து டின்னை எடுத்து நன்றாக அடித்துவிட்டார். "இப்போ இலை நுனியெல்லாம் கருகிப்போச்சு, அண்ணே" என்றார். எனக்கு இலையைப் பற்றிய கவலையே இல்லை. "பழத்தை யார் சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்டேன். நான்கு வயது மகள், பள்ளியிலிருந்து வந்ததும் பால்கனிக்கு ஓடிப் பறித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வாளாம்.

செடியில் இருக்கும் பழம், காய் எல்லாவற்றையும் பறித்துக் குப்பையில் போடச் சொன்னேன். கொசு, கரப்பான் டின்கள் உண்ணும் செடிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனை நாள் கழித்துப் பழத்தைச் சாப்பிடலாம் என்ற கணக்கே அந்த டின்னில் இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அதை யாரும் தக்காளி மேல் அடிப்பார்கள் என்று செய்தவன் நினைக்கவில்லை. பயிருக்கான மருந்தில் அந்த நாள் கணக்கு லேபிளில் இருக்கும். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும். லேபிள் இல்லாத போத்தலில் ஊற்றித் தரும் மருந்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அம்மாவுக்கு மனசே வரவில்லையாம். பேத்திக்காக என்றதும் அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பறித்தாராம்.

அந்தப் பறக்கும் பொடி, வெள்ளை ஈ. ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சை படரும். இதெல்லாம் சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, அது சுமந்து வரும் இலைச்சுருள் வைரஸ். புதுத் தளிர் மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் குட்டையாக நின்றுவிட்டால் அது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தே கிடையாது. யார் என்ன விற்றாலும் நம்பாதீர்கள். செடியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, ஈக்கள் அடுத்த தொட்டிக்குப் பறந்துவிடாதபடி பையோடு சேர்த்துப் பிடுங்கிக் கட்டிப் போடுவதே வழி. கிள்ளான் அம்மாவின் ஏழில் இரண்டு அப்படிப் போயின.

வைரஸ் வராத செடியைக் காப்பாற்ற வேப்பெண்ணெய் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. நன்றாகக் குலுக்கி, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் மழையில் குடை பிடித்தவனுக்குக் குளியல் போட்ட மாதிரிதான். முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வாரம் ஒரு முறை அடித்தால் சரி. ஒரு எச்சரிக்கை: மளிகைக் கடையில் விளக்கேற்ற விற்கும் கலப்பு எண்ணெயிலும் வேப்பெண்ணெய் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று செடிக்குத்தான் தெரியும். தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் ஈக்கள் வரத் தொடங்கியது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பால்கனியில் மழைச்சாரல் படாத மூலை இருக்கிறதல்லவா, அங்கே வருவது வேறு ஆள். இலையில் ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. அது சிலந்திப்பேன். எட்டுக் கால் உள்ளது, பூச்சி இனமே அல்ல. சாதாரணப் பூச்சி மருந்து அடித்தால் அதைத் தின்னும் நல்ல உயிர்கள் செத்து, பேன் இன்னும் பெருகும். குழாய்த் தண்ணீரை இலைக்கு அடியில் நன்றாகப் பீய்ச்சுங்கள், சில நாள் விடாமல்.

காயில் வட்ட ஓட்டை, ஓரத்தில் ஈரமான எச்சம் என்றால் காய்ப்புழு. பல நேரம் தலை உள்ளே, உடம்பு வெளியே என்று கிடக்கும், கையால் எடுத்துவிடலாம். ஒரே புழு காய் மாறிக் காய் துளைத்துப் பலவற்றைப் பாழாக்கும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். துளைத்த காயைத் தொட்டியிலேயே போடுவதும் கூடாது. புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. பி.டி. என்ற நுண்ணுயிர் மருந்து குட்டிப் புழுக்களுக்கு நல்லது. புழு அதைத் தின்றால்தான் சாகும். காய்க்குள் நுழைந்துவிட்டால் பயனில்லை. யூடியூப்பில் காட்டும் விரல் நீளக் கொம்புப் புழுவைத் தேடி அலையாதீர்கள். அது அமெரிக்கக்காரர்களின் தலைவலி.

ஓட்டை இல்லாமல் சிறு குத்துப்புள்ளி மட்டும் தெரிந்து, அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தால் அது பழ ஈ. கொய்யாவுக்கும் மாவுக்கும் கட்டும் பொறியைத் தக்காளிப் பக்கத்தில் கட்டிவிட்டுப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பொறியிலுள்ள வாசனைப் பொருள் துளசியிலும் இருப்பதுதான். மா, கொய்யா ஈக்களின் ஆண்களை இழுக்கும். ஆனால் தக்காளி, மிளகாய், கத்தரியைத் தேடி வரும் ஒரு வகைப் பழ ஈ அந்த வாசனையைக் கண்டுகொள்வதே இல்லை. காய் கோலிக்குண்டு அளவு வந்ததும் கொத்துக்கு ஒரு வலைப்பை கட்டுங்கள். அதுதான் பலிக்கும்.

இலையில் வெள்ளைக் கோடு கிறுக்கியிருந்தால் இலைச்சுரங்கப் புழு. அந்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பூச்சியே இல்லாமல் பூச்சி மேல் பழி விழுவதும் உண்டு. பூ உதிர்ந்தால் உடனே மருந்து அடிக்கிறோம். கேமரன் மலையில் தக்காளி செழிப்பதற்கு அங்குள்ள குளிர்ந்த இரவும் ஒரு காரணம். இரவு வெப்பம் 21, 22 டிகிரிக்கு மேல் நீடித்தால் பூ பிஞ்சாவது குறையும். நம் தாமான்களில் நள்ளிரவிலும் அதைவிடச் சூடு. இதற்கு மருந்து என்ன செய்யும்? வெப்பம் தாங்கும் ரகமோ செர்ரித் தக்காளியோ நடுவதுதான் புத்தி. காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்தாலும் பூச்சியல்ல. ஒரு நாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை.

இன்னொன்று, பச்சையாக இருந்த செடி ஓரிரு நாளில் அப்படியே துவண்டு சாய்வது. மண்ணில் ஈரம் இருந்தும் துவண்டால், தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளர் நீரில் வெட்டுமுனை மட்டும் தொடும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்காகத் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டுக்கட்டும் முறையைப் பரிந்துரைக்கிறது. வாடலைத் தாங்கும் கத்தரி ரகமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்குத் தொட்டிதானே, செடியை மண்ணோடு கட்டிப் போட்டுவிட்டுப் புது மண் நிரப்பலாம். பழைய மண்ணை மற்றத் தொட்டிகளில் கொட்டாதீர்கள். வெட்டிய கத்தியையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.