அறிவியல் சோலை: இளகிய இரும்பும் அளந்த வளையமும்

 

உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோரை வழியனுப்பவோ, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் பிள்ளையை அழைத்து வரவோ விமான நிலையத்திற்குச் செல்லாத இல்லம் நம்மிடையே குறைவு. பயண துஆவை ஓதிவிட்டு இருக்கையில் சாய்ந்துகொள்கிறோம். இறக்கையின் கீழே இரைந்துகொண்டிருக்கும் எஞ்சின் எவ்வாறு செய்யப்பட்டது, அதன் உறுப்புகளைச் சோதித்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதம் அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஏனெனில், வார்ப்பு, உலைக்களம், கடைசல் என்னும் பழைய வழிகளைக் கடந்து, எஞ்சினின் சில உறுப்புகள் இன்று உலோகத் தூளிலிருந்து அடுக்கடுக்காக ‘அச்சிடப்படுகின்றன’!

தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கித் தரப்பட்ட செய்தியைத் திருமறையின் ‘ஸபா’ அத்தியாயத்தில் ஓதியிருப்பீர்கள். அவ்விடத்திலேயே, கவசம் செய்கையில் வளையங்களை அளவறிந்து கோக்க வேண்டும் என்ற பணிப்பும் வருகிறது. வளையம் தடித்தால் கவசம் சுமையாகிவிடும்; மெலிந்தால் அம்பு துளைத்துவிடும் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். இரும்பு இளகியது அருள். அதனை அளவோடு கோப்பது பொறுப்பு. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

தூளும் ஒளியும்

முதலில் தூள். உருக்கிய உலோகத்தை மெல்லிய தாரையாக ஒழுகவிட்டு, அதன்மீது ஆர்கான் போன்ற வாயுவை விசையுடன் பாய்ச்சுவார்கள். உலோகம் துளித்துளியாகச் சிதறி, விழும்போதே உறைந்து நுண்ணிய மணிகளாகிவிடும். ஒரு மில்லிமீட்டரை 20 பங்காக்கினால், மணியின் பருமன் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் இல்லங்களில் சலித்தெடுக்கும் மாவையும் தோற்கடிக்கும் மென்மை!

இத்தூளை ஒரு தட்டின்மீது மெல்லிய படலமாகப் பரப்பி, கணினி காட்டிய வழியே லேசர் கதிரை ஓடவிடுகிறார்கள். கதிர் பட்ட இடம் உருகி உறைகிறது. படாத இடம் தூளாகவே கிடக்கிறது. தட்டு சற்றே கீழிறங்க, அடுத்த படலம் பரவுகிறது. மீண்டும் கதிர் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் உயரம் எழுவதற்கு 200-க்கும் அதிகமான படலங்கள் தேவைப்படலாம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் உலோகத்தைக் கெடுத்துவிடாதிருக்க, அறை முழுவதும் ஆர்கான் வாயு நிரப்பப்பட்டிருக்கும். வேலை முடிந்தபின் எஞ்சிய தூளைச் சலித்து மீண்டும் பயன்படுத்துவர். இம்முறையின் அடிப்படை, 1990-களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் உருப்பெற்றது.

இருபது ஒன்றான கதை

விமான எஞ்சினில் எரிபொருளைப் பனிப்புகைபோலத் தூவுவதற்குத் ‘தூவுமுனை’ என்னும் சிறிய உறுப்பு உண்டு. அது நீட்டிக்கொண்டிருக்கும் எரிஅறையின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முனை மிகச் சூடேறினால் உள்ளே ஓடும் எரிபொருள் கரியாகப் படிந்து வழியை அடைத்துவிடும். ஆகவே, எரிபொருளுக்கும் குளிர்விக்கும் காற்றுக்குமாக, அந்தச் சிறு உறுப்பினுள் வளைந்து நெளியும் நுண்வழிகள் பல வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக், பிரான்சின் சஃப்ரான் ஆகிய நிறுவனங்களின் கூட்டு அமைப்பான சி.எஃப்.எம்., ‘லீப்’ என்னும் எஞ்சினை உருவாக்க முனைந்தபோது இச்சிக்கல் எழுந்தது. வழக்கமான முறையில் செய்வதானால், இருபது துண்டுகளைத் தனித்தனியே செய்து பற்றாசு வைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வோர் ஒட்டும் ஒரு பலவீனம். சின்சினாட்டி நகரப் பகுதியில் உலோக அச்சில் தேர்ந்திருந்த மோரிஸ் டெக்னாலஜிஸ் என்ற சிறு நிறுவனத்தின் உதவியோடு, இருபதையும் ஒரே உறுப்பாக அச்சிட்டுப் பார்த்தார்கள். கோபால்ட்-குரோமியக் கலவையில் பிறந்த அந்த முனை, எடையில் 25 சதவீதம் குறைந்தது. ஐந்து மடங்கு நீடித்துழைக்கும் என்றும் கணித்தனர். 2012-ல் அச்சிறு நிறுவனத்தையே ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிவிட்டது. அங்கே பொறியியல் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்து இம்முயற்சியை ஊக்குவித்தவர்களுள் முஹம்மத் எஹ்தெஷாமி என்பவர் குறிப்பிடத்தக்கவர். 2016-ல் உலோக அச்சுக்கென்றே தனிப்பிரிவு தொடங்கப்பட்டபோது, அதன் தலைமையையும் அவரே ஏற்றார்.

அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகர ஆலையில் இம்முனைகள் பெருவாரியாக அச்சேறத் தொடங்கின. 2018 அக்டோபரில் 30,000-ஐயும், 2021-ல் ஒரு இலட்சத்தையும் எண்ணிக்கை எட்டியது. லீப் எஞ்சின் பூட்டிய ஏர்பஸ் விமானத்தைப் பயணிகள் சேவையில் முதலில் பறக்கவிட்டது, துருக்கியின் பெகாசஸ் நிறுவனம் (2016 ஆகஸ்ட்). போயிங் 737 மேக்ஸ் விமானத்தை முதலில் இயக்கியது, மலேசியாவின் மலிண்டோ ஏர் (2017 மே). முந்தைய தலைமுறை எஞ்சினைவிட லீப் சுமார் 15 சதவீதம் குறைவாக எரிபொருள் குடிக்கிறது. இச்சேமிப்பு முழுவதும் தூவுமுனை ஒன்றினால் வந்ததன்று. எஞ்சின் அமைப்பு முழுமையின் பயன் அது.

கண்ணுக்குத் தெரியாத குறை

இனித்தான் நம் கவனத்துக்குரிய பகுதி வருகிறது. லேசரின் வலு மிகுந்தால் உலோகம் கொதித்து உள்ளே குமிழிகள் சிக்கிக்கொள்ளும். வலு குறைந்தால் தூள் முழுதும் உருகாமல் படலங்களுக்கிடையே இடைவெளி விழும். மிகினும் தீங்கு, குறையினும் தீங்கு. வெளியே பளபளக்கும் உறுப்பினுள் மயிரிழையளவு துளை ஒளிந்திருக்கலாம். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் உறுப்புகள் சூடேறி ஆறுகின்றன. அழுத்தம் கூடிக் குறைகிறது. ஆயிரமாயிரம் முறை இப்படி நிகழும்போது, அத்துளையிலிருந்து விரிசல் புறப்படக்கூடும்.

ஆகவே, அச்சிட்டவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. உறுப்பை உலையிலிட்டு உள்ளிறுக்கத்தைத் தணிக்கிறார்கள். தேவையான உறுப்புகளைக் கடும் வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு அழுத்தமுள்ள வாயுவில் வைத்து உள்துளைகளை நசுக்கி மூடுகிறார்கள். மருத்துவமனையில் நமக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனை உலோகத்துக்கும் எடுத்து உட்புறத்தைப் பார்க்கிறார்கள். உறுப்புடன் சேர்த்தே மாதிரித் துண்டுகளையும் அச்சிட்டு, அவற்றை இழுத்து முறித்து வலிமையை அளக்கிறார்கள். அமெரிக்க விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஜெனரல் எலக்ட்ரிக்கின் அச்சிட்ட எஞ்சின் உறுப்பு ஒன்றுக்கு முதன்முதலாக ஒப்புதல் அளித்தது 2015-ல்தான். ‘ஜி.இ. 90’ எஞ்சினின் உணர்கருவியைக் காக்கும் சிறிய உறை அது!

இத்தனை எச்சரிக்கை தேவைதானா என்று கேட்பவருக்கு 2023-ஆம் ஆண்டு விடை சொன்னது. பிராட் அண்ட் விட்னி என்ற புகழ்பெற்ற நிறுவனம், 2015 பிற்பகுதி முதல் 2021 வரை தான் செய்த சில எஞ்சின் வட்டுகளின் உலோகத் தூளில் நுண்ணிய மாசு கலந்திருந்ததாக அவ்வாண்டு ஜூலையில் அறிவித்தது. அவ்வட்டுகள் லேசரால் அச்சிடப்பட்டவை அல்ல. தூளை இறுக்கி, அடித்து உருவாக்கப்பட்டவை. ஆயினும் பாடம் ஒன்றே. சோதனைக்காக உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்களின் எஞ்சின்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டில் இண்டிகோவின் பல விமானங்களும் தரையில் நின்றன. இலாபத்தில் ஏறத்தாழ 300 கோடி டாலர் பாதிப்பு ஏற்படும் என்று தாய் நிறுவனம் செப்டம்பரில் தெரிவித்தது. கண்ணுக்குத் தெரியாத தூசு செய்த வேலையைப் பார்த்தீர்களா?

நம் பிள்ளைகளுக்கு

பொறியியல் பயிலும் மக்களைப் பெற்றவர்களே! இத்துறையில் இயந்திரத்தை ஓட்டுவோர் மட்டும் போதாது. உலோகவியல் கற்றவர்களும், ஸ்கேன் படத்தைப் பொறுமையோடு பார்த்துத் துளையைக் கண்டுபிடிப்பவர்களும், ‘இது தேறாது’ என்று துணிந்து ஒதுக்குபவர்களும் வேண்டும். அதற்கு ஆண், பெண் என்ற பேதமில்லை. தொலைதூரக் கனவு என்றும் எண்ண வேண்டா. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே உறுப்பாக அச்சிட்ட எஞ்சினைப் பொருத்தி 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டை ஏவிக் காட்டியிருக்கிறது.

தூவுமுனையின் உட்புறத்தைப் பயணி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை. செய்தவரின் நேர்மை ஒன்றே அவருக்குக் காவல். இதனையே நாம் அமானிதம் என்கிறோம். தம் கைத்தொழிலால் உண்ட நபியின் வழியைப் போற்றும் நாம், சட்டையின் உள்தையலிலும், சுவருக்குள் மறையும் கம்பியிலும், கணக்கேட்டின் கடைசி வரியிலும் அந்த அளவைப் பேணுகிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

கையில் கிடைத்த இரும்பை அளவறிந்து கோக்கும் நல்லறிவை வல்ல இறைவன் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.